ஆறுக்கு அப்புறம் எட்டு

ஏலே,

இன்று காலை என் ஆள்காட்டி விரல் ஊதாவாகிவிட்டது. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு, உனக்குத்தான் தெரியுமே. அந்த ஈர விரல் போய் உன் எழுத்தின் மேல் பட்டது. வருடக்கணக்காக நோட்டுக்குள் உலர்ந்து மங்கிக் கிடந்த எழுத்து, துளி ஈரம் கண்டதும் நேற்று எழுதியதைப் போலக் கசிந்து விரலில் ஏறிக்கொண்டது. வேட்டியில் துடைத்தேன். வேட்டியும் போயிற்று. அதற்கு வீட்டில் தனியாகத் திட்டு வாங்கினேன்.

டைம் கீப்பர்களும் கண்டக்டர்களும் வைத்திருக்கும் அந்தப் பென்சிலை உன்னைத் தவிர நம்மில் யாரும் தொட்டதில்லை. உலர்ந்த நுனியில் எழுதினால் சாம்பல் நிறம், நாக்கில் தொட்டு எழுதினால் ஊதா. "கசியுமே தவிர அழியாதுலே" என்று பீற்றிக்கொள்வாய். உன் நாக்கு வருடம் முழுக்க நாவல்பழம் தின்றவன் நாக்கு மாதிரியே இருக்கும். நான் சிவப்பு மை. ஆசிரியர் என்று என்னை நானே நியமித்துக்கொண்டவன், வேறு என்ன மை வைத்திருப்பேன்.

நம் கையெழுத்துப் பத்திரிகை நோட்டை ஏன் இப்போது எடுத்தாய் என்று கேட்பாய். பாலவனத்தத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் நம் செல்லையாதான் காரணம். விருதுநகர்ப் பக்கம் ஒரு வாசகசாலையில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். நம்முடைய பஸ் புகைக் கட்டுரையைக் கேட்டிருக்கிறார்கள். கையெழுத்தாகவே கிடந்தது அச்சில் வரப்போகிறது, ஏலே! நீ இருந்திருந்தால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற அத்தனை பேருக்கும் டீ சொல்லியிருப்பாய். "அடிக்குறிப்ப மட்டும் ஒருக்கா சரிபாத்து நல்ல பிரதியக் குடுங்க அண்ணாச்சி" என்று போன வாரம் என் நூல்கடைக்கு வந்தவன், நாம் அப்போதே எழுதி வைத்த நல்ல பிரதியின் கடைசிப் பக்கத்தை விரித்து வைத்து விரலால் எண்ணிக்கொண்டே போனான். போனவன் நின்றான்.

"அண்ணாச்சி, ஆறுக்கு அப்புறம் எட்டு வருது. ஏழு எங்க?"

அவனுக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. அந்த ஏழாம் அடிக்குறிப்பை ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில் அடித்தவன் நான். முதலில் எழுதிய நோட்டில் அந்தக் கோடு இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த ஏழு யார் என்று மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்தது. வியாழக்கிழமை தெரிந்தது. அந்த ஏழு நீ.

இதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம். தபாலில் போடுவதற்கு உனக்கு விலாசம் கிடையாது. இருந்தாலும் முதலில் இருந்து வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், சிரிக்காதே. வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு மூச்சு சீராக வருகிறது.

அறுபதுகளின் கடைசியில் நாம் நாலு பேரும் அந்தக் கையெழுத்துப் பத்திரிகையை ஆரம்பித்தோம். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ரோட்டில் நூல்கடை வைத்திருந்த நான். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக நின்ற நீ. பாலவனத்தத்தில் செல்லையா. திருச்சுழியில் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் எழுத்தராக இருந்த சபாபதி. ஒரே ஊரும் இல்லை, நாலு பேரும் ஒரே இடத்தில் உட்கார நேரமும் இல்லை. அதனால் நோட்டு ஊர் சுற்றியது. நான் எழுதி உன் கையில் தருவேன். நீ அதைத் திருச்சுழி வண்டி கண்டக்டர் பையில் சொருகுவாய். "சபாபதி கையில மட்டும் குடு. படிச்சுப் பாக்காத, கெட்டுப் போயிருவ" என்பாய். மறுநாள் திரும்பி வரும். அடுத்து விருதுநகர் வண்டியில் ஏறிப் பாலவனத்தத்தில் இறங்கும். நாலு பேரும் படித்து, ஓரத்தில் சண்டை போட்டு, திருத்தி, சண்டை முடிந்தபின் வாசகசாலை மேஜைக்குப் போகும். அந்த நோட்டு அளவுக்கு ஓசியில் பஸ்ஸேறியவர்கள் நம் வட்டாரத்தில் யாரும் இருக்க முடியாது.

விதியைப் போட்டது நான். நரிக்குடிக் கண்மாய் விஷயத்துக்குப் பிறகு போட்டேன். ஒரு அடைமழையில் கண்டக்டர் ஒருவர் "நரிக்குடிக் கண்மாய் உடைஞ்சு போச்சு" என்று போகிற போக்கில் சொன்னதை நான் அப்படியே எழுதி வைத்தேன். வாசகசாலையில் யாரோ படித்து வெளியே சொல்ல, நரிக்குடியில் மகளைக் கட்டிக் கொடுத்த ஒரு அம்மாள் மாரில் அடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்தாள். நீதான் புறப்பட்ட வண்டியை விசிலடித்து நிறுத்தி அவளை ஏற்றினாய். அங்கே போய்ப் பார்த்தால் கண்மாய் கல்லு மாதிரி நிற்கிறது. மடையைத் திறந்து விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். மறுநாள் அவள் என் கடை வாசலில் வந்து நின்றாள். "எழுதுற கை வெளங்குமா? பெத்த வயிறு பத்திக்கிட்டுப் போனேனே, நீ நல்லாயிருப்பியா?" கடையில் நூல் வாங்க வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். நீ தூணுக்குப் பின்னால் நின்று சிரித்தாய். எனக்குக் காது வரைக்கும் கொதித்தது.

அன்று சாயங்காலமே விதி எழுதினேன். நம் நோட்டில் எந்தச் சங்கதி எழுதினாலும் அதற்கு அடிக்குறிப்பு வேண்டும். அடிக்குறிப்பின் முடிவில் இரண்டு கட்டம் இருக்கும். முதல் கட்டம், 'பார்த்தவர்'. இரண்டாவது கட்டம், 'போய்ப் பார்த்தவர்'. ஒருவர் பார்த்ததை இன்னொருவர் வேலை மெனக்கெட்டுப் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது நிற்கும். இல்லையென்றால் சிவப்பு மை.

அந்த விதியில் எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே! இப்போது நினைத்தால் வாயைக் கழுவ வேண்டும் போலிருக்கிறது.

புகைக் கட்டுரை என் நூலில் இருந்து வந்தது. கடைக்கு முன்னால் மூங்கில் கழியில் சலவை நூலைச் சிட்டம் சிட்டமாகக் கட்டிக் காயப் போடுவேன், ஞாபகம் இருக்கிறதா? எழுபதுகள் பிறந்து லோடு லாரிகளும் பஸ்ஸும் பெருகிய பிறகு, ரோட்டுப் பக்கம் பார்த்துத் தொங்கிய பாதி மங்க ஆரம்பித்தது. சுவர்ப் பக்கம் பால் வெள்ளை, ரோட்டுப் பக்கம் எலி நிறம். நெசவு வீடுகளில் இருந்து நூலைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டார்கள். "சாயம் போடாமலே சாயம் போட்டுக் குடுக்கீகளே அண்ணாச்சி" என்று ஒருவர் கேட்டது எனக்குத் தைத்துவிட்டது. ஆத்திரத்தில் ஒரே மூச்சில் எழுதினேன். நூல், நூல், நூல். படித்துவிட்டு நீ நாக்கில் பென்சிலைத் தொட்டு ஓரத்தில் ஒரு வரி எழுதினாய். அந்தப் பக்கத்தைத்தான் இன்று காலை தடவிக் கசியவிட்டேன்.

"நூலே இப்படிக் கறுக்குதுன்னா, மனுசன் உள்ள என்ன ஆவான்? அத எழுதுலே."

அதன் பிறகு கட்டுரை உன்னுடையதாகிவிட்டது. கடைசியில் என் பெயரில் நின்றாலும் எட்டு அடிக்குறிப்பில் பாதிக்கு மேல் ஊதா. ஸ்டாண்டில் நிற்கிற வண்டி ஏன் இஞ்சினை அணைப்பதில்லை என்று நீதான் சொன்னாய். பாட்டரி செத்த வண்டி, அணைத்தால் மறுபடி கிளம்பாது, தள்ளுவதற்கு ஆள் தேட வேண்டும். அதனால் டிரைவர் டீ குடிக்கப் போனாலும் வண்டி அங்கேயே நின்று புகையும். செல்லையா வந்து நின்று பார்த்துக் கையெழுத்துப் போட்டான். டீசல் அதிகம் பாயும்படி பம்பைக் கூட்டி வைப்பதையும் நீதான் எழுதினாய். லாரி டிரைவர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போய் என் முன்னாலேயே கேட்டாய். "லோடு இழுக்கணும்ல, கூட்டித்தான் வைக்கணும். பொக வரும், வரட்டும். அது பின்னாடி வாறவன் பாடு" என்றார் அவர். பின்னால் வருகிறவன் பாடு! நானே ஆத்திரத்தோடு கையெழுத்துப் போட்டேன். உன் டைம் கீப்பர் கூண்டு, வண்டிகள் பின்னால் வந்து நிற்கிற இடத்தில்தான் இருந்தது. வருகிற ஒவ்வொரு வண்டியும் உன் மூஞ்சியில்தான் புகையை விட்டது. கூண்டை எதிர்ப்பக்கம் மாற்ற வேண்டும் என்று கட்டுரையின் கடைசியில் கேட்டிருந்தோம். உனக்காகக் கேட்கவில்லை, பொதுவாகக் கேட்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இடையில் சபாபதி ஒரு குறிப்பு எழுதினான். பஸ் ஸ்டாண்டில் அரைமணி நேரம் நின்றால் தன் கண் எரிகிறது என்று. எண் போடும் முன்பே நான் அடித்துவிட்டேன். "ராத்திரி பூரா சீட்டாடிட்டு வந்தாலும் கண்ணு எரியத்தான் செய்யும். தன் உடம்புக்குத் தானே சாட்சி சொல்றது செல்லாது" என்று சொன்னேன். அதையும் விதியில் சேர்த்தேன். நீ அப்போது என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாய். வழக்கமாக ஏதாவது கிண்டல் வரும். அன்றைக்கு வரவில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. இல்லை, கவனித்தேன். எனக்கு ஆமாம் போடுகிறாய் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த சுற்றில் ஏழு வந்தது. இப்போது முன்னால் விரித்து வைத்திருக்கிறேன். சிவப்புக் கோட்டுக்கு அடியில் தெளிவாகவே இருக்கிறது.

'பஸ் ஸ்டாண்டில் காலை முதல் பொழுது சாயும் வரை நிற்கிற ஒருவர், காலையில் எழுந்து துப்புகிற கோழை கறுப்பாக இருக்கிறது. இருமலும் உண்டு. பீடி, சுருட்டுப் பழக்கம் இல்லாதவர்.' பார்த்தவர் கட்டத்தில் உன் கையெழுத்து. போய்ப் பார்த்தவர் கட்டம் காலி.

நோட்டு இரண்டு சுற்று போய் வந்தது. செல்லையா எழுதினான், 'ஆள் யார் என்று சொன்னால் நானே வந்து பார்க்கிறேன்.' சபாபதி எழுதினான், 'கேள்விப்படவில்லை.' நீ அதன் கீழே, 'பெயர் சொல்ல அவருக்கு விருப்பமில்லை. ஆசிரியர் மட்டும் வந்து பார்க்கட்டும்' என்று எழுதினாய்.

நான் கூண்டுக்கே வந்து கேட்டேன்.

"யாருலே அந்த ஆளு? லோடு ஏத்துறவனா?"

"வந்து பாருலே. விடியக் காலையில எங்க வீட்டுக்கு வா. நான் காட்டுறேன்."

"இங்கயே சொன்னா என்ன? கோழையப் பாக்க என்னைய வீட்டுக்குக் கூப்பிடுற."

"உன் விதிதானலே? போய்ப் பாக்கணும்னு. வா."

வாரேன் என்றேன். உன் வீடு எனக்கு எட்டாத தூரத்திலா இருந்தது? என் கடையில் இருந்து நாலு தெரு. முதல் நாள் தூறல் போட்டது, காயப் போட்டிருந்த நூலை எடுக்கிறேன் என்று நின்றுவிட்டேன். இரண்டாம் நாள் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். மூன்றாம் நாளுக்குக் காரணம் எதுவும் இல்லை. முழிப்பு வந்தது, புரண்டு படுத்துவிட்டேன். கறுப்புக் கோழையைப் பார்க்க விடியற்காலையில் யார் எழுந்து போவார்கள் என்று நினைத்தேன். அப்படியே நினைத்தேன், ஏலே. உன்னிடம் இனி எதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

நான்காம் நாள் 'சாட்சி இல்லை, நீக்கம்' என்று எழுதி அடித்தேன். நோட்டை உன்னிடம் கொடுத்தபோது அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு சிரித்தாய். "சரிலே. விதின்னா விதிதான்" என்றாய். நல்ல பிரதியில் எட்டை ஏழாக மாற்ற நான் பேனாவை எடுத்தபோதுதான் என் கையைப் பிடித்தாய்.

"நம்பர மாத்தாத. ஏழு இருந்த எடம் காலியாவே கெடக்கட்டும்."

"படிக்கிறவன் ஆசிரியனுக்கு எண்ணத் தெரியலன்னு சொல்லுவான்லே."

"சொல்லட்டும். ஒருத்தனாவது ஏழு எங்கன்னு கேப்பான்ல."

பிடிவாதம் என்று விட்டுவிட்டேன். உன் பிடிவாதம் ஊருக்கே தெரிந்ததுதானே.

கட்டுரையை எடுத்துக்கொண்டு பஸ் முதலாளிகள் சார்பில் பேசிய அந்தப் பெரியவரைப் பார்க்கப் போனோம், நீயும் நானும். கூண்டை மாற்ற வேண்டும், ஸ்டாண்டில் நிற்கும்போது இஞ்சினை அணைக்க வேண்டும், இரண்டே கோரிக்கை. அவர் பொறுமையாகத்தான் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எல்லாம் சரிய்யா. நூலு கறுக்குது, சொவரு கறுக்குது, பலகாரக் கடைக் கண்ணாடி கறுக்குது. மனுசனுக்கு ஒண்ணும் ஆகலையே? நூலு கறுத்தா வீட்டுக்குள்ள காயப் போடுங்க. அதுக்குப் போயி கூண்டப் பேக்கணுமா?"

 மனிதனுக்கு என்ன ஆகிறது என்று சொன்ன இரண்டு குறிப்பையும் நானே அடித்திருந்தேன். திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ என் பக்கத்தில், துண்டை வாயில் பொத்திக்கொண்டு நின்றாய். ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்ததும் உன் மேல்தான் எரிந்து விழுந்தேன். "ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்குற முத்தா உதிர்ந்திரும்?" என்று கத்தினேன். நீ இருமினாய். இருமி முடித்து, "போவம்லே, மதுரை வண்டி வர்ற நேரம்" என்றாய்.

அந்தத் துண்டு! ஒவ்வொரு பொங்கலுக்கும் என் கடை நூலில் நெய்த வெள்ளைத் துண்டு ஒன்று உனக்குக் கொடுப்பேன். நீ அதை முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் நின்றாய். வெள்ளையில் பத்து விதம் பார்த்துச் சொல்லக்கூடியவன் நான், அதுதான் எனக்குச் சோறு போட்டது. அந்தத் துண்டு உன் வாய் இருக்கிற இடத்தில் கறுத்திருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன கேட்டேன் தெரியுமா? "என்னலே, இதுல இஞ்சினத் தொடச்சியா? நல்ல நூலு, பாழாக்கிட்டியே" என்று கேட்டேன். நூலைத்தான் பார்த்தேன்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் நீ கூண்டில் உட்கார்ந்து விசிலடிக்க ஆரம்பித்தாய். அப்புறம் விசில் நின்றது, கையை ஆட்டினாய். பிறகு கூண்டில் வேறு ஆள். மதுரை ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்த அன்று உன்னால் பேச முடியவில்லை. நான் வழக்கம்போல ஏதேதோ பேசினேன். நீ தலையணைக்கு அடியில் இருந்து பென்சிலை எடுத்து, மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதினாய். நாக்கில் தொடவில்லை, வாய் வறண்டு கிடந்தது. எழுத்து சாம்பலாகவே விழுந்தது.

'நம்பர மாத்தலயே?'

"இல்லலே, அப்படியேதான் இருக்கு" என்றேன். என் கையை இரண்டு தட்டுத் தட்டினாய். சாகப்போகிற நேரத்தில் இவனுக்கு நம்பர் கவலையைப் பார் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு உன்னைப் பார்க்கும்போது நீ இல்லை.

நீ எதனால் போனாய் என்று நான் எழுத மாட்டேன். நெஞ்சு கெட்டுப்போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். எதனால் கெட்டது என்று அவரும் சொல்லவில்லை. தெரியாததை எழுதுவதில்லை, அந்த விதியை இன்னும் விடவில்லை. ஆனால் செல்லையா ஏழு எங்கே என்று கேட்டபோது, இந்தத் தடவையாவது போய்ப் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. அந்த ஆள் உயிரோடு இருந்தால் உன் வீட்டில்தான் தெரிந்திருக்கும். வியாழக்கிழமை கடையை அடைத்துவிட்டுத் திருச்சுழி வண்டி ஏறினேன். உன் மனைவி பேச்சியம்மா இப்போது அங்கே அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். வாசலில் மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துவிட்டு எழுந்தாள்.

"வாங்கண்ணே. வழி தெரிஞ்சுதா இப்பவாவது?"

அந்தக் கேள்வி எனக்கு வேண்டும்தான். உட்கார்ந்து நோட்டைப் பிரித்து, ஏழாவது குறிப்பை வாசித்துக் காட்டினேன். "இந்த ஆளு யாருன்னு ஒனக்குத் தெரியுமா தங்கச்சி? இப்பவாவது போய்ப் பாக்கணும்."

அவள் என்னையே பார்த்தாள். கேலி செய்கிறேனோ என்று பார்த்திருப்பாள் போல.

"என்னண்ணே கேக்குறீக? அது அவுகதான்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "எவுக?" என்று கேட்டேன், ஏலே. அவளிடம் போய், எவுக என்று கேட்டேன்.

"உங்க சிநேகிதந்தான். மூணு வருசம் விடிஞ்சு எந்திரிச்சா கோழை மேல சாம்பலப் போட்டு அள்ளிக் கொட்டுனவ நானு. எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா வரமாட்டாக. தெரிஞ்சா வேலைய விட்டு நிப்பாட்டிருவாகன்னு பயம்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல தங்கச்சி? எங்கிட்ட என்ன பயம்?"

"நானும் அதத்தான் சொன்னேன். 'நான் வாயால சொன்னா செல்லாது புள்ள, அவனே வந்து கண்ணால பாக்கணும், அதான் எங்க விதி. பாத்துட்டான்னா விடமாட்டான், ஊரையே கூட்டிருவான்'னாக. ஒருநா காலையில வாசல்ல போயி உக்காந்துக்கிட்டாக. 'இன்னைக்கு அவன் வாரேன்னுருக்கான், ஒரு டம்ளர் காப்பி கூடப் போடு'ன்னாக. போட்டேன். வெயில் ஏறுற வரைக்கும் உக்காந்திருந்துட்டு வேலைக்குப் போனாக. மறுநாளும் போட்டேன். மூணு நாளு போட்டேண்ணே. மூணு நாளும் ஆறிப் போச்சு."

 நான் அழுதேன். மிளகாய் நெடி என்று அவள் அண்ணன் நினைத்துக்கொண்டு தட்டை உள்ளே எடுத்துப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பேச்சியம்மா நோட்டின் பக்கம் கையைக் காட்டிக் கேட்டாள். "அண்ணே, நான் பாத்தது செல்லுமா?"

நாலு ஆம்பிளைகள் வருடக்கணக்காக விதி, சாட்சி, கட்டம் என்று சண்டை போட்டோமே, இந்தக் கேள்வி நம்மில் ஒருவனுக்காவது தோன்றியதா? "செல்லும் தங்கச்சி. எங்க எல்லாரையும் விட ஒன்னோடதுதான் செல்லும்" என்றேன். அவளுக்கு எழுதத் தெரியாது. உள்ளே போய் உன் தகரப் பெட்டியில் இருந்து அந்தப் பென்சில் துண்டை எடுத்து வந்தாள். நீ செய்வதைப் பார்த்துப் பழகியவள் போல நுனியை எச்சிலில் தொட்டுக் கட்டைவிரலில் தேய்த்தாள். பெயர் எழுதலாமா, உன் பெயரை வெளியே சொல்லலாமா என்று தயங்கித்தான் கேட்டேன்.

"முழுப் பேரையும் போடுங்க. இனிமே அவுகள யாரு வந்து வேலைய விட்டு நிப்பாட்டப் போறா?"

நல்ல பிரதியில், ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே நீ காலியாக வைக்கச் சொன்ன இடத்தில் ஏழாம் குறிப்பை எழுதினேன். ஒரு வார்த்தை திருத்தவில்லை. 'ஒருவர்' என்று இருந்த இடத்தில் மட்டும் உன் பெயர். பார்த்தவர், நீ. இரண்டாவது கட்டத்தில் 'போய்ப் பார்த்தவர்' என்பதை அடித்துவிட்டு 'கூட இருந்து பார்த்தவர்' என்று மாற்றி, பேச்சியம்மாவின் பெருவிரல் ரேகையை வாங்கினேன். வரும்போது பென்சிலை என் சட்டைப் பையில் போட்டு அனுப்பினாள். "இங்க இருந்தா நான் இதையே பாத்துக்கிட்டு இருப்பேன்" என்றாள். இப்போது நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போதெல்லாம் விடியும் முன்பே முழிப்பு வந்துவிடுகிறது. அப்போது வராத முழிப்பு. எழுந்து, முகம் கழுவி, செருப்பைக்கூட மாட்டிவிடுகிறேன். அப்புறம்தான் நினைவு வருகிறது.

இன்று காலை அந்த ஊதா விரலோடு உட்கார்ந்து, ஏழின் கீழே ஒரு வரி சேர்த்தேன். சிவப்பு மையில் எழுதவில்லை. உன் பென்சிலை நாக்கில் வைத்தேன். இவ்வளவு கசக்கும் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லையே, படுபாவி. 'கூப்பிட்டும் போய்ப் பார்க்காதவர்' என்று எழுதி, என் பெயரையும் என் தகப்பனார் பெயரையும் போட்டேன்.

மத்தியானம் பிரதியை வாங்க வந்த செல்லையா நின்றபடியே படித்தான். ஏழு வந்ததும் இரண்டு தடவை படித்தான். முகத்தைத் துடைத்துவிட்டு, அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தான். "இது வேண்டாம் அண்ணாச்சி. அச்சுல வந்தா நிக்கிற வரி. அடிச்சிருவோம்" என்று கெஞ்சினான்.

முடியாது என்றேன். போகாமல் படுத்துக் கிடந்த நான் ஒரு சாட்சி. மூன்று நாள் காப்பி போட்டவள் ஒரு சாட்சி. நம் விதிப்படி அந்த வரியை யாரும் அடிக்க முடியாது.